குழலுக்குள் என்ன பூசுவது

யுத்தகாலத்தில் திருகோணமலையில் எங்கள் தெருவிலே ஒவ்வொருவருக்கும் ஒரு கவலை இருந்தது. என்னுடைய கவலை ஒரு புல்லாங்குழலின் உட்புறம். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், அன்றைக்கும் சிரித்தார்கள்.

என் கணவருக்கு மூச்சிழுப்பு; நாங்கள் முட்டு என்போம். குழல் ஊதினால் அது கூடியது. ஆசுபத்திரி டொக்டர் குழலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். துறைமுகக் காற்றின் ஈரத்துக்கு உள்ளே பச்சையாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது. ஊதுகிறவர் மூச்சை இழுக்கும்போது அதுவும் நெஞ்சுக்குள் போகிறது என்றார். "ஒண்டில் இதைத் திருத்துங்கோ, இல்லாட்டி ஊதுறதை விடுங்கோ."

இவர் விட்டுவிட்டார். ஊரடங்கு மாலைகளில் எங்கள் வீட்டில் கேட்ட ஒரே நல்ல சத்தம் அதுதான். அது நின்றதோடு இவருடைய கதையும் குறைந்துபோனது. என்ன கேட்டாலும் ஒரு ஓம், அவ்வளவுதான். எனக்குப் பயமாக இருந்தது, கோபமும் வந்தது. போயும் போயும் பூஞ்சணத்திடம் மனிசனைப் பறிகொடுப்பதா?

குழலைச் சுடுதண்ணீரில் கழுவி, உள்ளே நன்றாகத் தேய்த்து, வெயிலில் காயவைத்து அலுமாரிக்குள் வைத்தேன். இனி ஈரம் ஏறாமல் எதையாவது பூச வேண்டும். எதைப் பூசுவது? அது இந்தியாவிலிருந்து வந்த குழல், பழுதானால் வேறு எடுக்க வழியில்லை. அதனால் கப்பல்துறைக் கிராமத்தில் தெரிந்தவர்கள் வேலியில் வெட்டித் தந்த மூங்கிலைத் துண்டு துண்டாக அறுத்து, முதலில் அவற்றில் பூசிப் பார்த்தேன். நூலில் சீலைத்துண்டைக் கட்டி, பூச்சில் தோய்த்து, ஒரு பக்கத்தால் விட்டு மற்றப் பக்கத்தால் இழுப்பேன். காய்ந்ததும் விளிம்பில் உதட்டை வைத்து ஊதிப் பார்ப்பேன். பிறகு இவருடைய மூக்கடியில் கொண்டுபோய் நீட்டுவேன்.

தேங்காயெண்ணெய் கொஞ்ச நாளில் காறியது. பூஞ்சணத்துக்கு அது நல்ல விருந்து. கதிரை மேசை செய்கிறவர் தந்த பிரெஞ்சு பொலிஷ் மினுமினுவென்று வந்தது, ஆனால் ஊத ஊத என் மூச்சின் ஈரம் பட்டு வெள்ளை பூத்துவிட்டது. கிண்ணியாவில் தோணி கட்டுகிற முஸ்லிம் அண்ணர் ஒருவர், காக்கா என்போம், வார்னிஷ் தந்தார். "இதப் பூசிப் பாருங்க தங்கச்சி. தோணிக்கும் குழலுக்கும் எதிரி தண்ணிதானே," என்றார். அந்தத் துண்டின் சத்தத்தைக் கேட்க வேண்டுமே! முற்றம் முழுக்கக் கேட்டது. உள்ளே வழவழப்பானால் சத்தம் ஏன் இவ்வளவு கூராகிறது என்று யோசித்துக்கொண்டே நின்றதில் குசினியில் சோறு அடிப்பிடித்தது. இவர் அந்த வார்னிஷ் துண்டை ஒருமுறை மணந்து பார்த்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். "ஏலாது," என்றார். பிறகு ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும் சேர்த்துக் காய்ச்சிப் பூசினேன். அதில் மணம் குறைவு, ஆனால் எங்கள் கடற்காற்றில் காயவே மாட்டேன் என்றது.

காயட்டும் என்று துண்டுகளை உடுப்புக் கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டேன். அடுத்த பூச்சுக்கு வசதியாகச் சீலையை உள்ளேயே விட்டிருந்தேன். நூல் நுனிகள் வெளியே தொங்கின. அப்படியிருக்க ஒரு காலை சுற்றிவளைப்பு வந்தது.

முற்றத்துக்குள் வந்த ஆமிக்காரர் கொடியைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்கள். மூங்கில் குழாய்கள், எண்ணெய் மணம், ஒவ்வொன்றிலும் ஒரு திரி. எனக்கு அது உறைக்கவேயில்லை. "என்ன இது?" என்று அவர்களில் பெரியவர் தமிழில் கேட்டார். விளங்கப்படுத்தலாம் என்று கையை நீட்டி ஒரு நூலைப் பிடித்து இழுத்தேன்.

எல்லோரும் நிலத்தில் விழுந்தார்கள். ஒருவர் கிணற்றுக்கட்டுக்குப் பின்னால் பாய்ந்தார். என் கையில் எண்ணெய்ச் சீலை தொங்கிக்கொண்டிருந்தது. இவருடைய முகத்தில் இரத்தமே இல்லை.

எழும்பியவர்கள் சிரிக்கவில்லை. "புல்லாங்குழலுக்குப் பூசுறது," என்று சீலையைத் தூக்கிக் காட்டினேன். இவர் உள்ளே போய்க் குழலை எடுத்து வந்தார். "ஊது," என்றார் பெரியவர்.

அவர்களுடைய துவக்கு முனைகள் எங்கள் பக்கம் திரும்பியிருந்தன. நான் அவற்றைப் பார்க்கவில்லை, இவருடைய நெஞ்சையே பார்த்தேன். முட்டு வந்து இடையில் நின்றால் பொய் என்று நினைப்பார்கள். இவர் மூச்சை இழுத்து ஒரு நீண்ட சுரம் ஊதினார். மறுபடியும் இழுத்தார். இருமல் இல்லை, இழுப்புச் சத்தம் இல்லை. "போதும்," என்றார் பெரியவர். இவர் நிறுத்தவில்லை. மாதக்கணக்காக ஊதாததையெல்லாம் சேர்த்து ஊதினார். அவர்கள் துண்டுகளை எல்லாம் அறுத்து எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போன பிறகும் ஊதினார். நான் முற்றத்து மண்ணில் இருந்து அழுதேன்.

கடைசியில் குழலை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "நல்லாயிருக்கு. உள்ளுக்கு என்னத்தைப் பூசினீர்?"

"ஒண்டும் பூசேல்லை. கழுவிக் காயவைச்சதோடை சரி. எதைப் பூசுறதெண்டு இன்னும் முடிவெடுக்கேல்லை."

இவர் ஒரு கண்ணை மூடி, குழலை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தார். "அப்ப முடிவெடுக்காதேயும்," என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் மூச்சை இழுத்தார்.