அசோகா சாப்பிட்டுவிட்டு எடுத்த எம்.ஆர்.ஐ

எனக்கு ஏழாம் மாதம். ஸ்கேனில் குழந்தையின் தலைக்குள் நீர் கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது, மூளையைத் தெளிவாகப் பார்க்க எம்.ஆர்.ஐ எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். கேட்டதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கணவர் சிங்கப்பூரில். அம்மாதான் துணைக்கு வந்தாள்.

தஞ்சாவூருக்கு வரும் வழியில் திருவையாற்றில் காரை நிறுத்தி அசோகா அல்வா வாங்கினாள். வழக்கமான ஸ்கேனில் குழந்தை முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தால், "இனிப்பா ஏதாவது சாப்பிட்டு நடந்துட்டு வாங்க, திரும்பிடும்" என்று அனுப்புவார்கள். அம்மா அதை மனப்பாடமாக வைத்திருந்தாள். எம்.ஆர்.ஐ அறை வாசலில் பாதிப் பொட்டலத்தை எனக்கு ஊட்டியே விட்டாள்.

"பெரிய மெஷினு. நல்லா முகத்தக் காட்டட்டும்."

குழாய் மாதிரி இருந்த இயந்திரத்துக்குள் படுத்தேன். டமடமவென்று ஒரே இரைச்சல். உள்ளே குழந்தை போட்ட ஆட்டம் இருக்கிறதே! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இப்படி உதைக்கிற பிள்ளைக்கு என்ன வந்துவிடப் போகிறது?

படம் எடுப்பவர் மைக்கில் அலுத்துக்கொண்டார். "என்னம்மா சாப்பிட்டீங்க? ஒரு படமும் தெளிவா வரல. இதுல குழந்தை அசையாம இருக்கணும்."

சொன்னேன். என்னை வெளியே உட்காரவைத்து, குழந்தை அடங்கிய பிறகு மறுபடி எடுத்தார்கள்.

மாலையில் டாக்டர் கூப்பிட்டபோது, அம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் போனேன்.

"மூளையோட ரெண்டு பாதியையும் இணைக்கிற பாலம் ஒண்ணு இருக்கணும்மா. அது உருவாகல."

பாலமா? ஐந்து ஆற்றுப் பாலங்களைத் தாண்டி அங்கே வந்திருந்தேன். எனக்குள் ஒன்று இல்லையாம்.

"சில குழந்தைங்க நல்லாவே வளர்றாங்க. சிலருக்கு வலிப்பு வரலாம், படிப்புல சிரமம் வரலாம். எதுன்னு இப்பவே சொல்ல முடியாது."

"நல்லா உதைக்குதே டாக்டர்?"

"உதைக்கும்மா. அத வச்சு இதச் சொல்ல முடியாது."

திரும்பும்போது காரில் அம்மா என் முகத்தைப் பார்த்தபடியே வந்தாள். "என்னடி சொன்னாங்க?"

"இன்னொரு தடவ பாக்கணுமாம்." அதை மட்டும் சொன்னேன்.

அவள் மீதிப் பொட்டலத்தைப் பிரித்தாள். "இந்தா, ஒரு வாய் வாங்கிக்க."

வாயைத் திறந்தேன். கொஞ்ச நேரத்தில் குழந்தை புரண்டது. என் வயிற்றில் கை வைத்திருந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தாள்.

"பாத்தியா? ஒண்ணுமில்லடி நம்ம பிள்ளைக்கு."