படுக்கை விரிப்பும் கஞ்சி வாளியும்

1. பெரிய டாக்டரின் முடிவு

“எல்லாத்தையும் மூட்டை கட்டுங்க. வெள்ளிக்கிழமை கம்பெனிக்காரங்க வரும்போது திருப்பிக் கொடுத்திடலாம்” என்று பெரிய டாக்டர் பர்மியத்தில் சொன்னபோது, அந்தப் புதுப் படுக்கை விரிப்புகளில் நான்கைக் கையில் ஏந்திக்கொண்டு தீக்காய வார்டு வாசலில் நின்றிருந்தேன்.

யாங்கோனில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் துணி அறைப் பொறுப்பாளராக இருந்து இப்போது ஓய்வு பெற்றவன் நான். துணி அறை என்றால் மொட்டை மாடிக்குக் கீழே இரண்டு வாஷிங் மெஷின், இஸ்திரி மேசை, அலமாரி. கரண்ட் போனால் ஜெனரேட்டர் போடுவார்கள், அதுவும் முதலில் ஆபரேஷன் தியேட்டருக்குத்தான்.

டாக்டர் திருப்பி அனுப்பச் சொன்னவை கிருமித் தடுப்பு விரிப்புகள். நூலின்மேல் வெள்ளிச் சத்து ஏற்றியிருப்பார்கள். துணிமேல் விழும் கிருமி பெருகாமல் சாகும் என்றார்கள். தீக்காயத்துக்குத் தோல் இல்லை, விரிப்பில் இருப்பது நேராக உடம்புக்குள் போய்விடும். அதனால்தான் முதலில் அந்த வார்டின் நான்கு படுக்கைகளுக்கு மட்டும் சோதனைக்கு வாங்கினார்கள்.

நோய்த்தொற்றுத் தடுப்பைப் பார்த்துக்கொண்டவள் மா சூ. செவிலியரை நாங்கள் சயாமா என்போம். யாங்கோனிலேயே தின்கன்ஜூன் பகுதிக்காரி, அம்மா தமிழ், அப்பா பர்மியர். என்னை ஊலே, அதாவது மாமா, என்று கூப்பிடுவாள். வாரம் ஒருமுறை நோயாளி படுத்த விரிப்பைப் பஞ்சுக் குச்சியால் தடவி, அந்த ஸ்வாபை லேபுக்கு அனுப்புவாள். மூன்று வாரமும் லேபில் கிருமி வளர்க்கும் பிளேட்டில் கிருமி புள்ளி புள்ளியாக வளர்ந்திருந்தது, பழைய விரிப்பில் வளர்ந்த அதே அளவுக்கு.

“கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்” என்றார் டாக்டர். நானும் தலையாட்டினேன்.

2. பெட்டியின் அடியில்

அந்த வாரம் மூன்றாவது படுக்கையில் மா ஏ என்ற பெண் இருந்தாள். த்வாண்டேயிலிருந்து வந்தவள், பலகாரம் சுட்டு விற்பவள். எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்து இரண்டு தொடையும் வெந்துபோயிருந்தது. ஐந்தாம் நாள் காயத்தில் சீழ் வைத்துக் காய்ச்சல் கண்டது. நான் விரிப்பு கொண்டுபோகும்போதெல்லாம் அந்த வேதனையிலும் “நன்றி ஊலே” என்பாள்.

டாக்டர் அப்படிச் சொன்னதற்கு மறுநாள் காலை இஸ்திரி போடும்போது பெட்டி துணியில் இழுத்தது. திருப்பிப் பார்த்தேன், அடியில் பழுப்பாகக் கஞ்சி தீய்ந்து ஒட்டியிருந்தது. இது வாரத்துக்கு இரண்டு முறை நடப்பதுதான், கத்தியால் சுரண்டிவிட்டு வேலையைப் பார்ப்பேன். அன்று சுரண்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

என் கஞ்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேன்டீனில் சோறு வடித்த கஞ்சியைத் தினமும் ஒரு வாளி எனக்கு எடுத்து வைப்பார்கள். வடிகட்டி, கடைசி அலசலில் கலப்பேன். விரிப்பு அப்பளம் மாதிரி நிற்கும். வார்டுக்கு வருகிறவர்கள் தடவிப் பார்த்துப் புகழ்வார்கள், எனக்கும் அதில் தலைக்கனம் உண்டு. புது விரிப்போடு வந்த தாளில் ப்ளீச் கூடாது, சாஃப்ட்னர் கூடாது என்று எழுதியிருந்தது. இரண்டையும் தொடவில்லை. கஞ்சி கூடாது என்று எழுதவில்லை. அதை எழுதியவருக்கு யாங்கோனில் ஒருவன் வாளியோடு நிற்பான் என்று எப்படித் தெரியும்?

பெட்டியில் ஒட்டுகிற கஞ்சி துணியின் மேலேதானே இருக்க வேண்டும்? அப்படியானால் வெள்ளிச் சத்து கஞ்சிக்கு அடியில், நோயாளி கஞ்சிக்கு மேலே. போதாக்குறைக்குக் கிருமிக்குச் சோறும் போட்டிருக்கிறேன்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரியாது. விரிப்பு வெள்ளிக்கிழமை போய்விடும், பழி கம்பெனிக்காரன் தலையில் விழும். அப்படியே இருந்துவிடலாம் என்று நினைத்தேன், அரை மணி நேரம் நினைத்தேன். பிறகு மூன்றாவது படுக்கையின் “நன்றி ஊலே” காதில் விழுந்தது. பெட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு மாடி இறங்கினேன்.

3. மா சூ எழுதியது

மா சூ பெட்டியின் அடியை விரலால் தடவிப் பார்த்தாள்.

“இது என்னா ஊலே?”

“கஞ்சி. மூணு வாரமா அந்த விரிப்புக்கும் போட்டுக்கிட்டு வர்றேன்.”

அவள் திட்டவில்லை.

“அந்தப் பொண்ணுக்குச் சீழ் வச்சது என்னாலதானா சயாமா?” என்று கேட்டேன்.

“தெரியாது ஊலே. கைலேருந்து வரும், டிரெஸிங்லேருந்து வரும், எத்தனையோ வழி இருக்கு. இல்லேன்னும் நான் சொல்ல மாட்டேன். பிரிக்காத பாக்கெட் இருக்கா?”

“ரெண்டு இருக்கு.”

“கஞ்சி இல்லாம அலசிக் கொண்டாங்க. பெரிய டாக்டர்கிட்ட நான் ஒரு வாரம் டைம் கேக்குறேன். நீங்களும் கூட வரணும்.”

போனேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். “ஒரு வாரம்” என்றார், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் மா சூ இரண்டு பிளேட்டை மாடிக்கே கொண்டுவந்து காட்டினாள். கஞ்சி போட்டதில் வழக்கம்போலப் புள்ளிகள். போடாததில் மூன்றோ நான்கோ. நான் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்ததை அவள் பார்க்காத மாதிரி இருந்தாள். “விரிப்பே கிருமியைக் கொன்னுடும்னு யாரும் கை கழுவாம இருக்கக் கூடாது, அதையும் எல்லாருக்கும் சொல்லணும்” என்றாள்.

விரிப்புகள் தங்கின. மா ஏயின் காய்ச்சல் மருந்தில் இறங்கியது. தோல் ஒட்டு வைத்து, மெல்ல நடந்து ஊருக்குப் போனாள். போகுமுன் அவளிடமும் கஞ்சி விஷயத்தைச் சொல்லிவிட்டேன். “விரிப்பு சொரசொரன்னு இருந்துச்சு ஊலே, அப்புறம் மெதுவாயிடுச்சு” என்றாள். மூன்று வாரத்தில் விரிப்பு எப்படி இருக்கிறது என்று படுத்திருந்தவர்களிடம் நான் ஒருமுறைகூடக் கேட்டிருக்கவில்லை.

இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான். புதுப் பொருள் வந்தால் தாளில் இருப்பதைப் படியுங்கள். அதோடு, நீங்கள் வழக்கமாக என்ன செய்வீர்கள் என்பதையும் கொடுத்தவரிடம் சொல்லுங்கள். தாளுக்கு உங்கள் வழக்கம் தெரியாது.

மா சூ எழுதிய அறிக்கையின் நகல் என்னிடம் இருக்கிறது. தவறு எங்கே நடந்தது என்ற இடத்தில் ‘துணி அறை’ என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறாள். அடுத்த வரியில், கண்டுபிடித்தவர் யார் என்ற இடத்தில், என் பெயரை முழுதாக எழுதியிருக்கிறாள்.