கப்பலில் வந்த மிஷின்

பினாங்கில் இருக்கும் நீங்கள் குழாயைத் திறந்து, துணி துவைக்கும் மிஷினின் குமிழைத் திருகிவிட்டு பாசாருக்குப் போய் மீன் வாங்கி வந்துவிடுவீர்கள். இங்கே ஆவடிக்குப் பக்கத்தில், கோவில்பதாகையில், அதே மாதிரி மிஷினுக்கு நான் கிணற்றிலிருந்து தண்ணீர் சேந்தி வாளி வாளியாக ஊற்றிக்கொண்டிருக்கிறேன். தானாகவே துவைக்கும் மிஷின் என்று பெயர். அதற்குப் பணிவிடை செய்ய ஓர் ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். தண்ணீர் போதுமான அளவுக்கு ஏறியதும் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அதன் பிறகுதான் மனமிரங்கித் துவைக்க ஆரம்பிக்கும். முதல் நாள் தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. "இவ்ளோ தண்ணி சேந்தறதுக்கு, கெணத்தாண்டயே நாலு கும்மு கும்மினு போயிடலாமேக்கா" என்றாள் பக்கத்து வீட்டுக் கன்னியம்மா. அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை இந்த மிஷின் பாதியில் நின்றபோது நான் ஏன் அப்படி மல்லுக்கட்டினேன் என்று உங்களுக்குச் சொன்னால், அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலும் அதிலேயே வந்துவிடும்.

என்னைப் போல அங்கே குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்களுக்கு முன்கதை சொல்ல வேண்டியதில்லை. அப்பா போய்ச் சேர்ந்த பிறகு அண்ணனின் வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். அம்மா, அண்ணன், நான் மூன்று பேரும் கப்பலேறினோம். பிறந்த ஊரை விட்டு, பார்த்தே இராத சொந்த ஊருக்கு வந்தோம். அம்மா ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டில் பல வருடம் துணி துவைத்தவள். அங்கே மிஷின் வந்த பிறகு அதை இயக்குவதும் அவள் வேலையாயிற்று. துரை குடும்பம் சீமைக்குத் திரும்பியபோது துரையின் மனைவி, அந்த மாடம், மிஷினை அம்மாவுக்கே கொடுத்துவிட்டுப் போனாள். கப்பலுக்கு மற்றவர்கள் பித்தளைப் பாத்திரமும் தையல் மிஷினும் கட்டினார்கள். அம்மா இதைக் கட்டினாள். அங்கே போய் இதற்குத் தண்ணீர் கிடைக்குமா, கரண்ட் கிடைக்குமா என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். "என் கை தேஞ்சது போதும், உன் தங்கச்சி கையும் தேயணுமா?" என்று கேட்டு அவன் வாயை அடைத்துவிட்டாள். அந்தப் பேச்சு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

ஆனால் இந்த ஊருக்கு வந்த அடுத்த வருடமே அம்மாவைப் பக்கவாதம் சாய்த்துவிட்டது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. படுக்கையிலேயே எல்லாம். ஒரு நாளைக்கு எத்தனை துப்பட்டி, எத்தனை சேலை என்று வீட்டில் நோயாளி இருப்பவர்களுக்குத் தெரியும். எனக்கோ அப்போதுதான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ரேடியோவுக்குக் காயில் சுற்றும் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. பகலில் கன்னியம்மா அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டாள். ஆனால் அந்தத் துணிகளை அவள் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை. விடியும் முன்னே கிணற்றடியில் உட்கார்ந்து துவைத்துவிட்டு ஓடுவேன்; ஆவடியில் ரயிலைத் தவற விடுவேன்; தாமதமாகப் போய் சூப்பர்வைசர் முன்னால் நிற்பேன். கடைசியில் அவர் பொறுமை இழந்து, இன்னொரு முறை தாமதித்தால் உன் நாற்காலிக்கு வேறு பெண் வந்துவிடுவாள் என்று சொல்லிவிட்டார். அந்த வாரமே, மூலையில் கோணி போர்த்திக் கிடந்த மிஷினுக்குத் தனியாக வயர் இழுக்கச் செய்தேன். அன்றிலிருந்து நான் ஒரு நாளும் ரயிலைத் தவற விட்டதில்லை.

இங்கே ஆயுத பூஜை வருவதை நீங்கள் பார்க்க வேண்டும். பினாங்கிலும் நாம் கொண்டாடினோம்தான், கோயிலோடும் லாரிகளோடும் சரி. அம்பத்தூரில் அன்றைக்கு லேத்து, டிரில், தராசு, சைக்கிள், வாசலில் நிற்கும் தள்ளுவண்டி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு பெண்ணும் தன் காயில் மிஷினுக்குத் தானே பொட்டு வைத்தோம். பொரி கடலையோடு சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், நம் துவைக்கும் மிஷினும் நெற்றியில் பொட்டோடு, செவ்வந்திச் சரத்தோடு நின்றது. "நம்ம தெருல அதான பெரிய மிஷினு, அத்த மட்டும் வுட்டுடுவமா?" என்றாள் கன்னியம்மா. எனக்குச் சிரிப்பு வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அடுத்த நாள் மிஷின் வழக்கம் போல ஓடியது.

அதற்கு அடுத்த நாள்தான் அந்த ஞாயிறு. முந்தைய இரவு அம்மாவுக்கு வயிறு சரியில்லை, துணி மலைபோல் கிடந்தது. தண்ணீர் ஊற்றினேன், 'டக்' என்றது, துவைத்தது, அழுக்குத் தண்ணீரை வெளியே தள்ளியது. அடுத்து உள்தொட்டி வேகமாகச் சுழன்று துணியைப் பிழிய வேண்டும். சுழலவில்லை. குமிழைத் திருகினேன். பிளக்கைப் பிடுங்கிச் செருகினேன். கல்லாக நின்றது. ஈரம் கோர்த்த துப்பட்டிகள் உள்ளே கனத்துக் கிடந்தன, மறுநாள் காலை எனக்கு ஷிப்ட்.

அண்ணன் வந்து பார்த்தான். ஆவடியில் ஒரு பட்டறையில் வேலை அவனுக்கு. கெட்டவன் இல்லை, களைத்துப் போனவன். "இதோட ஆயுசு முடிஞ்சிருச்சு. நீ வேலைய விட்டுரு. அம்மா கூட இரு, நான் பார்த்துக்கிறேன்" என்றான்.

"முடியாதுண்ணே."

"யாரு துவைக்கிறது அப்புறம்?"

"மிஷின் துவைக்கும்" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ தெரியாது. அந்த நாற்காலியை நான் விடுவதாக இல்லை. இந்த ஊரில் யாருடைய மகள், யாருடைய தங்கை என்று கேட்காமல் என்னை உட்காரவைத்த ஒரே இடம் அது. அதைவிட்டு எழுந்தால் மறுபடி உட்காரப் போவதில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு கை பார்த்துவிடுவதென்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டேன். முதலில் ஃபியூஸ் கட்டையைக் கழற்றிப் பார்த்தேன், கம்பி முழுசாக இருந்தது. பக்கத்து மாவு மில் ஓடினால் எங்கள் தெருவில் விளக்கே மங்கும். ஒருவேளை கரண்ட் போதவில்லையோ என்று மில் நிற்கும்வரை காத்திருந்தேன். மில் நின்றது, விளக்கு பளிச்சென்று எரிந்தது, மிஷின் மட்டும் அசையவில்லை. தண்ணீர் போகும் குழாயைக் கழற்றி உதறினேன். நூல் பிசிறும் ஒரு சட்டைப் பொத்தானும் விழுந்தன. கன்னியம்மா எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, மிஷினு பேஜார் பண்ணுதா?" என்றாள். வந்த புதிதில் அவள் பேஜார் என்றால் நம் பாசாரைச் சொல்கிறாள் என்று நினைத்துப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறேன். தொல்லை என்று இப்போது அர்த்தம் தெரியும். "ஊரு கண்ணு பட்டுக்கீது. சுத்திப் போட்டா ஓடும்" என்று உப்பு மிளகாய் எடுக்கப் போனாள். சுற்றியும் போட்டாள். மிளகாய் நெடிதான் வந்தது.

மத்தியானம் காதர் பாயை அண்ணன் அழைத்து வந்தான். பூந்தமல்லியில் கடை வைத்துக் கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டுபவர். மிஷினைச் சுற்றி வந்தார், உள்தொட்டியைக் கையால் தள்ளிப் பார்த்தார். "காயில் போயிருக்கும்மா. மோட்டாரக் கயட்டிக் குடுங்க, கடைக்கு எடுத்துனு போய் கட்டித் தரேன். ஒரு பத்து நாளு ஆவும்" என்றார். கிணற்று மோட்டார் நின்றால் பெரும்பாலும் அதுதான் காரணம். அவர் பார்வை அங்கே போனதில் தப்பில்லை. ஆனால் பத்து நாள் என்றால் என் வேலை போயிற்று. தவிர, வெந்த காயிலின் நாற்றம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தினமும் அதோடு வாழ்கிறவள் நான். குனிந்து மோந்து பார்த்தேன். சோப்பு வாசனைதான் வந்தது.

"வேணாம் பாய். மோட்டார் நல்லாத்தான் இருக்கு. சாயங்காலம் வரைக்கும் பாக்குறேன்."

"ஒங்க மிஷினு, ஒங்க இஷ்டம்மா" என்று அவர் வருத்தமில்லாமல் டீ குடித்துவிட்டுப் போனார். அண்ணன் மட்டும் முறைத்தான்.

உட்கார்ந்து யோசித்தேன். மோட்டார் வெந்திருந்தால் துணியைத் துவைத்திருக்கவே முடியாது. துவைத்தது, தண்ணீரை வெளியே தள்ளியது, பிழிய மட்டும் மறுக்கிறது. துவைப்பதற்கும் பிழிவதற்கும் நடுவில் என்ன வித்தியாசம்? அப்போதுதான் துரை வீட்டுப் பின்கட்டு நினைவுக்கு வந்தது. பள்ளிக்கூடம் விட்டு அங்கே போய் அம்மாவுக்காகக் காத்திருப்பேன். தொட்டி சுழன்றுகொண்டிருக்கும்போது அம்மா மூடியை மெல்லத் தூக்குவாள். உடனே சுழற்சி நின்றுவிடும். மூடுவாள், மறுபடி சுற்றும். மிஷின் அம்மாவின் சொல்பேச்சு கேட்கிறது என்று நினைத்திருந்தேன். மாடம் ஒருநாள் பார்த்துவிட்டு, அப்படி விளையாடாதே என்று அம்மாவைக் கடிந்துகொண்டாள். துவைக்கும்போது மூடி திறந்திருந்தாலும் பரவாயில்லை. பிழியும்போது மூடியிருந்தே ஆக வேண்டும். மூடியின் ஓரத்திலுள்ள சின்ன முளை மிஷினின் உடம்பிலுள்ள ஓட்டைக்குள் இறங்கி ஒரு சுவிட்சை அழுத்தினால்தான் கரண்ட் போகும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் தூக்கினேன். ஓட்டை இருந்த இடத்தில் ஓட்டை இல்லை. மஞ்சளாக, கெட்டியாக ஏதோ அடைத்திருந்தது. கொண்டை ஊசியை ஈரத்தில் நனைத்துச் சுரண்டினேன். மூக்கருகே கொண்டுபோனதும் தெரிந்துவிட்டது, சந்தனம். பூஜையன்று ஈரமாக உள்ளே இறங்கி, ஒரு நாள் இளகி நின்று, பிறகு காய்ந்து சுவிட்சைக் கவ்விப் பிடித்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்தை மறைப்பானேன்? பொட்டு வைக்க நெற்றி இல்லையா, ஓட்டைக்குள்ளா அப்பி வைப்பார்கள்? வேலியருகே போய்க் கன்னியம்மாவைக் கூப்பிட்டு, ஊசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

அவள் ஊசியைப் பார்த்தாள். பிறகு எங்கள் வீட்டு ஜன்னலைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நான் முன்னாடி மட்டும்தாங்கா வெச்சேன். மேல வெச்சது அம்மா. கிண்ணத்தக் காட்டிக் காட்டி ஒரே அடம். சரின்னு தாங்கிப் புடிச்சி இட்டாந்தேன். எடது கையால வையிம்மான்னா மாட்டேன்னு தலையாட்டிட்டாங்க. சாமி காரியமாச்சே. சோத்துக் கையத்தான் வெச்சாங்க."

"எந்தக் கைய?"

"சோத்துக் கையதாங்கா. நான் மணிக்கட்டத்தான் தொட்டுகினு இருந்தேன், தூக்குனது அவுங்கதான். வெரலு நிக்கல, வழுக்கினு ஓரமாப் பூட்ச்சி. நிக்க வெச்சதுக்கு நீ திட்டுவியேன்னுதான் சொல்லல."

என் கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. ஒரு வருடமாக அந்தக் கையை நான்தான் தூக்கிக் குளிப்பாட்டுகிறேன், நான்தான் தூக்கி ரவிக்கைக்குள் நுழைக்கிறேன். எனக்காக ஒரு விரல்கூட அசைந்ததில்லை. மிஷினுக்குப் பொட்டு வைக்க எழுந்திருக்கிறது. இடது கையால் வைக்கலாகாது என்ற ஒரே பிடிவாதத்தில் எழுந்திருக்கிறது.

ஓட்டையைச் சுத்தம் செய்து, துணியால் ஒற்றி, காயவிட்டேன். முளை உள்ளே இறங்கியது. குமிழைத் திருகினேன். கொஞ்சம் முனகிவிட்டு, தொட்டி சுற்ற ஆரம்பித்தது. பிறகு வேகமெடுத்து வீடே அதிரச் சுழன்றது. அண்ணன் வாசலில் நின்று பார்த்தான். "நாளைக்கு எத்தனை மணி ரயிலு?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனான். நான் அம்மாவின் கட்டிலருகே போய் ஊசியிலிருந்த சந்தனத்தைக் காட்டினேன். மிஷின் சத்தம் கேட்டு அவள் பாதி முகத்தால் சிரித்துக்கொண்டிருந்தாள். போர்வைக்கு வெளியே வலது கையின் நடுவிரல் லேசாக அசைந்தது. அன்று நான் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

மறுநாள் ரயிலைப் பிடித்தேன். இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கிறேன். மிஷினை மட்டும் முழுவதும் துடைக்கவில்லை. மூடியின் ஒரு மூலையில் பினாங்குக் கடையின் பெயர் பொறித்த தகடு இருக்கிறது. மறு மூலையில், ஓட்டையை நோக்கி வழுக்கிப் போன அம்மாவின் விரல் தடம் சந்தனமாகக் காய்ந்திருக்கிறது. ஊசியால் சுரண்டியதில் சுவிட்ச் தளர்ந்துவிட்டதோ என்னவோ, மூடி இப்போது முன்போல் தானாகப் பொருந்துவதில்லை. தகட்டுக்கும் தடத்துக்கும் நடுவில் கைவைத்து அழுத்தினால்தான் ஓடுகிறது.