நீலப் பெயிண்டும் டிரெய்லர் லைட்டும்

பிள்ளைகளா, டிரெய்லர் லைட் எரியாமப் போன அந்த மத்தியானத்தை உங்க மாமா ஒவ்வொரு விருந்துலயும் ஒவ்வொரு விதமாச் சொல்றார். நீங்களும் சிரிக்கிறீங்க. சின்னவ மட்டும் தலையைக் குனிஞ்சுக்கிறா. அதனால நடந்ததை நடந்தபடி எழுதறேன்.

அந்த மழைக்காலம் முழுக்க நம்ம போட்டுக்கு வேலை இல்லை. போர்ட் பிளேர்ல ஒரு லாட்ஜ்காரர், "நாளைக்குக் காலையில போட்டைக் கொண்டாந்து காட்டு. சீசன் பூரா டூரிஸ்டுகளை ஏத்திக்கோ. வரலைன்னா வேற ஆளைக் கூப்பிட்டுடுவேன்"னு சொல்லியிருந்தார். அதுவும் கைவிட்டுப் போனா, போட்டை வித்துட்டு மெயின்லாண்டுக்குக் கப்பல் ஏறிடறதுன்னு அம்மாவும் நானும் பேசி முடிச்சிருந்தோம். உங்ககிட்ட மூச்சு விடலை.

கடல்ல காத்து சரியில்லை. மாமாவோட பிக்கப்புக்குப் பின்னால டிரெய்லரை மாட்டி, போட்டை அதுமேல கட்டி, நம்ம ஊர் ரங்கத்துலேருந்து ரோடு வழியாக் கிளம்பினோம். காட்டுக்கு முன்னாடி உள்ள போலீஸ் கேட்டுல வண்டிங்க வரிசையா நின்னுது. அன்னைக்குக் கடைசி கான்வாய் அதுதான். நடுக்காட்டுல ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு போற வண்டிங்க. பின் லைட் இல்லாம விட மாட்டாங்க.

மாமா பிரேக்கை மிதிச்சார். டிரெய்லர் லைட் ரெண்டும் மங்கலா ஒரு மினுக்கு மினுக்கிட்டு அணைஞ்சுது.

போலீஸ்காரர் ஓரமாக் கையைக் காட்டினார். "லைட் நஹி தோ காடி நஹி, பாய்." லைட் இல்லேன்னா வண்டி போகக் கூடாதாம்.

"கிளம்புறப்போ பார்க்கலியா அத்தான்?"னு மாமா கேட்டார்.

"பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி நல்லா எரிஞ்சுதுடா."

பியூஸைப் பார்த்தேன், போகலை. பிளக்குல பச்சைக் களிம்பு பிடிச்சிருந்துச்சு, உப்புத்தாளால தேய்ச்சேன். எரியலை. பல்பைக் கழட்டி நேரா பேட்டரியில வச்சா பளிச்சுன்னு எரியுது. திரும்ப மாட்டினா செத்துப் போகுது. முன்னால வண்டிங்க ஒவ்வொண்ணா ஸ்டார்ட் ஆகுற சத்தம்.

"அந்தோணியாரே!"ன்னு வாய்விட்டுக் கூப்பிட்டேன்.

"அவர் தொலைஞ்ச சாமானைத்தான் கண்டுபிடிச்சுக் குடுப்பார் அத்தான்."

"கரண்டுதான்டா தொலைஞ்சிருக்கு!"

வரிசை நகர ஆரம்பிச்சிருச்சு. கப்பல்ல நீங்க மூட்டையோட உட்கார்ந்திருக்கிற மாதிரி கண்ணுல தெரியுது. கையில ஒரு துண்டு வயர் இருந்துச்சு. கரண்ட் லைட்டுக்குப் போனா மட்டும் பத்தாது, திரும்பி வரவும் ஒரு வழி வேணும்ல? வயரோட ஒரு முனையை லைட்டோட எர்த் வயர்ல வச்சு, இன்னொரு முனையை பிக்கப்போட வெறும் இரும்புல வச்சேன். லைட் சிவப்பா எரிஞ்சுது.

அப்போ கோளாறு எர்த்துல. அந்த வயரை டிரெய்லர் சட்டத்தோட முடுக்கியிருந்த போல்ட்டைக் கழட்டினேன். அடியில வழவழன்னு நீலப் பெயிண்ட். கரண்ட் இரும்பைத் தொடவே வழியில்லை.

சின்னவளே, இதை நீ நல்லாப் படிக்கணும். முந்தின ஞாயித்துக்கிழமை நீங்க டிரெய்லருக்குப் பெயிண்ட் அடிச்சப்போ, "உப்புக் காத்து இரும்பைத் தின்னுடும், ஒரு இடம் விடாதீங்க"ன்னு சொன்னது நான். அந்த போல்ட்டைக் கழட்டிக் குடுத்ததும் நான். சொன்னதை நீ சுத்தமாச் செஞ்சே. அவ்வளவுதான்.

ஸ்க்ரூ டிரைவரால சுரண்டினேன். அவசரத்துல ஒரு தடவை வழுக்கி, சட்டத்துல நீளமாக் கீறிடுச்சு. இரும்பு வெள்ளையாத் தெரிஞ்சதும் வயரை வச்சு முடுக்கினேன். கடைசி வண்டி கேட்டைத் தாண்டுது.

"மிதிடா!"

ரெண்டு லைட்டும் எரிஞ்சுது. போலீஸ்காரர் ஒரு தரம் குனிஞ்சு பார்த்தார். "ஜாவ், ஜாவ், ஜல்தி!"ன்னு சீக்கிரம் போகச் சொல்லிக் கையை வீசினார்.

மறுநாள் காலையில லாட்ஜ்காரர் போட்டைச் சுத்தி வந்து பார்த்துட்டு, "சரி, இங்கேயே நில்லு"ன்னார். மாமா அம்மாவுக்குப் போன் பண்ணிக்கிட்டே டீ குடிக்கப் போனார்.

நான் மட்டும் டிரெய்லருக்குப் பின்னால குத்துக்கால் போட்டு உட்கார்ந்தேன். துரு ஏறாம இருக்க போல்ட்டுமேல கிரீஸ் தடவினேன். அப்புறம் பிக்கப்புல கிடந்த டப்பாவுல மிச்சமிருந்த நீலத்தை விரலால தொட்டு, நான் கீறின கோட்டை மூடினேன்.