திருப்பிப் போட்ட சட்டை

குத்தகைக்காரர் பெயரைப் பதியும் சட்டம் வந்த புதிதில் நான் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. தன் பெயரைப் பதியச் சொல்லி மனுப் போட்டிருந்த பாபநாசம் பக்கத்து விவசாயி ஒருவர், இரண்டாம் வாய்தாவிலிருந்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரே சட்டையை உள்புறம் வெளியே தெரியப் போட்டு வருவார். வெயிலில் வெளுத்து, தையலெல்லாம் நூல் தொங்கும்.

“சட்டை திரும்பியிருக்கே” என்றேன் ஒருநாள்.

“தெரிஞ்சுதாங்க. தீபாவளிக்கு மிராசுதார் எடுத்துக் குடுத்தது. மொத வாய்தாவுக்கு நேராப் போட்டு வந்தேன். ‘பாருங்க, நான் துணி குடுத்த பண்ணையாள் இவன், குத்தகைக்காரன் இல்ல’ன்னுட்டாரு. திருப்பிப் போட்டா அடையாளம் தெரியாதுல்ல?”

“வேற சட்டை?”

“இது ஒண்ணுதாங்க. வெறும் ஒடம்போட வந்தாலும் பண்ணையாளுன்னுதானே சொல்வாங்க.”

அவர் குத்தகைக்காரர் இல்லை என்று உத்தரவானது. வராந்தாவில் நின்று சட்டையைக் கழற்றி நேராகப் போட்டுக்கொண்டார். இத்தனை நாள் உள்ளே கிடந்த அந்தப் பக்கம் இன்னும் புதிதாக இருந்தது.