பூனைக்குட்டிகளின் நோன்பு

கம்பளைக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது, அந்த வீட்டில் என்னோடு முதலில் உறவு கொண்டாடியது ஒரு பூனைதான். அரிசிக் கடை வீடு அது. முன்பக்கம் கடை, நடுவில் மூட்டை அடுக்கும் அறை, அதற்கும் பின்னால் நாங்கள். எலிக்காக வைத்திருந்த பூனை என்றாலும் என் காலடியில் வந்து படுத்துக்கொள்ளும். வேறு யாரும் என் பக்கம் வந்து உட்கார்ந்ததில்லை.

அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. முப்பதுகளின் தொடக்கம், தேயிலைக்கு விலையில்லாமல் தோட்டங்களில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். தோட்டத்துச் சனம் வாங்கினால்தான் எங்கள் கடைக்கு வியாபாரம். அதனால் எல்லோர் முகமும் உம்மென்றே இருக்கும். மாமி, அதாவது என் கணவரின் உம்மா, என்னிடம் வேலையைச் சொல்வார், வேறொன்றும் சொல்லமாட்டார். மச்சி கணவரின் அக்கா. விதவையாகித் தாய் வீட்டோடு இருந்தவர். மாமா கடையில் போடும் சத்தம் ரயில் ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும். என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அலவத்துகொடயிலிருந்து வந்த எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாயை மூடிக்கொண்டு ஏழு மாதம் ஓட்டியிருந்தேன்.

பூனை நான்கு குட்டி போட்டது. குட்டிகள் தள்ளாடி நடக்கத் தொடங்கிய சமயத்தில் பக்கத்துக் கடையில் எலிக்கு மருந்து வைத்தார்கள். மருந்து தின்ற எலியைத் தின்றுவிட்டு எங்கள் பூனை மூட்டைகளுக்கு இடையில் போய்ச் செத்துக் கிடந்தது. அன்று தலைநோன்பு, நோன்பு மாதத்தின் முதல் நாள்.

நான் ஒரு காலித் தேயிலைப் பெட்டியில் பழைய துணியை விரித்துக் குட்டிகளை அடுப்படி ஓரமாக வைத்தேன். டின்பாலைச் சுடுநீரில் கரைத்துத் துணித் திரியால் ஊட்டினேன். ஆசையாகத்தான் குடித்தன. மூன்றாம் நாள் வயிறு போகத் தொடங்கியது. முதலில் மஞ்சளாக, பிறகு வெறும் தண்ணீராக. பெட்டியில் துணி மாற்றி மாற்றி என் கை ஓய்ந்துபோனது. இருப்பதிலேயே சின்னது மறுநாள் காலையில் விறைத்துக் கிடந்தது. மற்ற மூன்றின் வாலடியும் புண்ணாகி, தோலைக் கிள்ளினால் கிள்ளினபடியே நின்றது. இந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அந்தப் பூனை. அது விட்டுப்போனவை இவை. இவற்றையும் விடக்கூடாது என்று ஒரு வெறியே வந்துவிட்டது எனக்கு.

தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் அப்போதிக்கரி, யாழ்ப்பாணத்துக்காரர், மருந்துப் பெட்டி எடுக்க ஸ்டேஷனுக்கு வரும்போது எங்கள் கடையில் சற்று உட்கார்ந்துவிட்டுப் போவார். சின்னது செத்த அன்றும் வந்தார். நோன்பு காலம் என்பதால் தேத்தண்ணியும் கேட்கவில்லை. நான் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு கணவரைக் கேட்கச் சொன்னேன். தோட்டத்து ஆட்களுக்கு மருந்து கொடுக்கிற மனிதரிடம் பூனைக்கு மருந்து கேட்க அவருக்கு வெட்கம். கேட்காவிட்டால் நானே வெளியே வந்து கேட்பேன் என்றேன். கேட்டார்.

அப்போதிக்கரி சிரிக்கவில்லை. "முதல் அந்த டின்பாலை நிப்பாட்டச் சொல்லுங்கோ. ஒரு நாள் முழுக்கக் கொதிச்சாறின தண்ணி மட்டும் குடுக்கட்டும். அதிலை ஒரு கிள்ளுச் சீனி, அதிலும் குறைய உப்பு. துளித் துளியா, அடிக்கடி. பிறகு தெளிஞ்ச அரிசிக் கஞ்சித் தண்ணி. சூடா வச்சிருக்க வேணும். எவ்வளவு கத்தினாலும் பால் குடுக்கப்படாது" என்றார். எழுந்து போகும்போது, "பிழைக்குமெண்டு நான் சொல்லேல்லை. தோட்டத்து லயத்திலை மனிசப் பிள்ளையளே இதிலைதான் போகுதுகள்" என்றும் சொன்னார்.

நான் வீட்டில் எல்லோருக்கும் சட்டம் போட்டேன்: யாரும் பால் கொடுக்கக் கூடாது. மாமிக்கு அது பிடிக்கவே இல்லை.

"வாயில்லாச் சீவனுக்கு என்னத்துக்கு புள்ள நோன்பு? பச்சப் புள்ளக்கே நோன்பு கடமையில்ல" என்றார்.

"மருந்து மாமி, நோன்பில்ல" என்றேன். அவர் வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

இரண்டு நாள் தண்ணீரும் கஞ்சித் தெளிவுமாகப் பார்த்தேன். வயிறு போவது நிற்கவே இல்லை. ஒரு குட்டியின் மீசையில் பூண்டு மணத்தது. பெட்டியின் மூலையில் மாசிக் கருவாட்டுத் துண்டு கிடந்தது. அலுமாரியில் டின்பால் விரற்கடை விரற்கடையாக இறங்கியிருந்தது. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அன்று அஸர் தொழுகை முடிந்ததும், அடுப்படியைப் பார்க்கிற மாதிரி மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

முதலில் மாமி வந்தார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, முந்தானைக்குள்ளிருந்து ஒரு பால் கிண்ணத்தை எடுத்து, பிஸ்மி சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கரண்டி ஊட்டினார். அவர் போய்ச் சற்று நேரத்தில் மச்சி வந்தார். அவர் கையில் தேங்காய்ப்பாலும் பூண்டும் போட்ட நோன்புக் கஞ்சி. அவரும் இரண்டு பக்கமும் பார்த்தார். கடைசியாக மாமா வந்தார். ஊரையே அதட்டுகிற மனிதர் தரையில் குந்திக்கொண்டு மாசியைப் பல்லில் வைக்காமல் கையாலேயே நுணுக்கி, "தின்னு ராசா, தின்னு" என்று கெஞ்சினார். அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதே இல்லை.

ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. நோன்பு மாதத்தில் செய்கிற நன்மைக்குப் பல மடங்கு கூலி என்றும், நன்மையை யார் கண்ணிலும் படாமல் செய்ய வேண்டும் என்றும்தான் எங்களை எல்லாம் வளர்த்திருந்தார்கள். பகல் முழுக்கப் பட்டினி கிடக்கிறவர்களுக்குப் பசியில் கத்துகிற குட்டியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? ஆளுக்கு ஒரு கரண்டி நன்மையாகக் குட்டிகளின் குடலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது இப்படி நிதானமாகச் சொல்கிறேன். அன்று எனக்குத் தலைக்கேறிவிட்டது. மாமா எழுவதற்குள் வெளியே வந்து, புதுப்பெண் என்பதையும் மறந்து கத்தினேன். மாமியையும் மச்சியையும் கூப்பிட்டு, மூன்று பேரையும் நிற்க வைத்துக் கேட்டேன். "நன்மை தேடிக் கொல்றீங்களே, இது என்ன நன்மை?" என்று கேட்டுவிட்டேன். மாமா தலையைக் குனிந்துகொண்டு கடைக்குப் போனார். மச்சி அழுதார். மாமி டின்பாலை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

"இனி ஒண்ட கையிலயே ஈக்கட்டும்" என்றார்.

அன்று இரவுக்குள் இரண்டு குட்டிகள் செத்துப்போயின. மிஞ்சியது ஒன்று, சாம்பல் நிறம், தாயின் சாயல். அதற்குப் பிறகு ஒருவரும் பெட்டிப் பக்கம் போகவில்லை. போனாலும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் போனார்கள். நான் சூடாக்கிய மணலைத் துணியில் முடிந்து குட்டியின் பக்கத்தில் வைத்தேன். விரல் நுனியால் தண்ணீர் கொடுத்தேன். மறுநாள் பகலில் அதற்கு வயிறு போனது ஒரே ஒரு தடவை. அதுவும் கொஞ்சம் இறுகியிருந்தது. மாமி தூரத்தில் நின்றபடியே, "எப்படி புள்ள?" என்று கேட்டார். தெரிந்துகொள்ள வேண்டும் என்று என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

நோன்பு திறக்கும் நேரம் வந்தது. எல்லோரும் உள்ளே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நான் என் பேரீச்சம்பழத்தையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு அடுப்படியில் குட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். பழம் வாய்க்குள் போனதும் அதன் இனிப்பில் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அன்று அவ்வளவு பசி. குட்டி பெட்டியின் விளிம்பில் காலை ஊன்றி எழுந்து என் வாயைப் பார்த்துக் கத்தியது. முந்தின மாலையிலிருந்து கத்தக்கூட வலுவில்லாமல் கிடந்தது அது. தேறிவிட்டது, அதனால்தான் கேட்கிறது என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதும் பொய். எனக்குத் தாங்கவில்லை, அவ்வளவுதான். டின்பால் என் பொறுப்பில்தான் இருந்தது. ஒரு கரண்டி கரைத்தேன். இரண்டு பக்கமும் பார்த்தேன். கொடுத்தேன். அது நக்கிக் குடித்துவிட்டு என் உள்ளங்கையில் தலையை வைத்துப் படுத்தது.

விடிந்தபோது பெட்டி முழுக்க நனைந்திருந்தது. குட்டி கண் திறந்தபடி கிடந்தது. வெயில் ஏறுவதற்குள் போய்விட்டது.

மாமா தன் பழைய சாரத்தில் ஒரு துண்டைக் கிழித்து, அதில் சுற்றிப் பின்வளவில் ஜம்பு மரத்தடியில் புதைத்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. அங்கேயே நின்றபடி மாமி வாய்விட்டு அழுதார்.

"நான் தான் கொன்ன. நான் குடுத்த பால் தான் உள்ள ஈந்து கொன்ன" என்றார்.

மச்சி, "நானும் தானே கஞ்சி வெச்ச" என்றார். மாமா மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "மாசிய குடுத்தது நான்" என்றார். ஒவ்வொருவராகச் சொல்லி முடித்து மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வாய் நீளம் என்று முன்னமே சொன்னேன். அன்று அந்த வாய் திறக்கவில்லை.

மாமி என் தோளில் கை வைத்தார். "நீ மட்டும் தான் புள்ள மனச அடக்கிக்கிட்டு ஈந்த. நீ சென்னத அண்டைக்கே கேட்டிருக்கணும்" என்றார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் என் பேச்சுக்கு மதிப்பு வந்தது. அக்கம்பக்கத்தில் குழந்தைக்கு வயிற்றோட்டம் என்றால் மாமி என்னிடம் அனுப்புவார். "எங்கட மருமகளுக்குத் தெரியும்" என்பார். நானும் கொதித்தாறிய தண்ணீர், கஞ்சித் தெளிவு என்று சொல்லி அனுப்புவேன். சில குழந்தைகள் பிழைத்தன, பல பிழைக்கவில்லை. என் முதல் பிள்ளைக்கும் ஒன்பதாம் மாதத்தில் அதே நோய் வந்தது. மாமி தொட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தார். கையில் ஒரு கரண்டி தண்ணீரை எடுத்தாலும் என் முகத்தைப் பார்த்து, "குடுக்கவா புள்ள?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். பிள்ளை போன பிறகும், நீ செய்ததில் ஒரு பிழையும் இல்லை என்று என்னைத்தான் தேற்றினார்.

மாமி மௌத்தாகிப் பல வருடம் ஆகிவிட்டது. அந்தக் குட்டிக்குத் தான் கொடுத்த பாலுக்காகச் சாகும்வரை பாவமன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசிக் கரண்டியைக் கொடுத்தது நான் என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும்.

நான் சொல்லவில்லை.