கனகாம்பரம் மட்டும் சரியாக வந்தது

பைரோஜாவுக்குக் கோபம் வந்தால் முதலில் அடி வாங்குவது மேசைதான். அன்றைக்கும் உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி வைத்தாள். மேசை ஏற்கெனவே ஒரு கால் குட்டை. அது ஆட, மேலே இருந்த பிரிண்டர் ஆட, பக்கத்து அறையில் மாமனார் முகம்மது நூகு தொண்டையைக் கனைக்கும் சத்தம் கேட்டது. அவர் கனைத்தால் அதற்குப் பொருள் உண்டு. வாய் திறந்து பேசுகிறவரைவிடக் கனைக்கிறவரைச் சமாளிப்பதுதான் கடினம்.

விருதுநகர் பஜாருக்குப் பின்தெருவில் அவருடைய பருப்புக் கமிஷன் கடை. அதை ஒட்டிய சிறிய அறையில்தான், துவரம்பருப்பு மூட்டைகளை வெளியேற்றிவிட்டு, பைரோஜா தன் வளையலை விற்றுக் கடை வைத்திருந்தாள். கப், சட்டை, டைல் என்று எதில் கேட்டாலும் முகத்தைப் பதித்துத் தருகிற கடை. மகள் மஹ்ரீன் பெயர்தான் போர்டில். கணவன் அன்வர், தன் வாப்பாவின் பருப்புக் கடையில் கணக்குப் பார்க்கிறவன். வாப்பாவுக்கும் மனைவிக்கும் நடுவில் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்பதில் கைதேர்ந்தவன்.

"தீபாவளி வரைக்கும் பாரும்மா. கடை காலூணி நின்னா எடம் உனக்கு, நிக்கலைன்னா மூட்டைக்கு" என்று மாமனார் ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் மூட்டைக்கு இடம் வேண்டும் என்பதும் உண்மை.

அந்த நேரம் பார்த்துத்தான் பெரிய ஆர்டர் வந்தது. எம். புதுப்பட்டிப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்று. ஆயுத பூஜைக்கு வேலையாட்கள் எல்லாருக்கும் அவரவர் முகம் போட்ட டைல் பரிசு. சூப்பர்வைசர் சங்கரபாண்டியன் போட்டோக்களைப் போனில் அனுப்பிவிட்டார். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. ஆகவே சாயங்காலம் வேலை விட்டதும், கேட்டுக்கு வெளியே ஒவ்வொருவராக நிறுத்தி எடுத்த படங்கள். இந்த ஆர்டர் ஒழுங்காகப் போனால் பொங்கலுக்கும் இதே கம்பெனி, அதற்குப் பிறகு அவர் சொல்லி இன்னும் இரண்டு கம்பெனி. கடை காலூன்றி நின்றுவிடும்.

நின்றுவிடும்தான். முகம் மட்டும் ஒழுங்காக வந்திருந்தால்.

இந்தத் தொழிலில் ஒரு பொல்லாத சங்கதி உண்டு. முதலில் படத்தை இடம் வலமாகத் திருப்பிக் காகிதத்தில் அடிக்க வேண்டும். காகிதத்தில் எல்லா முகமும் காய்ச்சலில் கிடந்து எழுந்தது போல வெளிறித்தான் இருக்கும். அதை டைல் மேல் கவிழ்த்து ஹீட் பிரஸ்ஸில் வைத்து அமுக்கினால், சூட்டில் மை ஆவியாகி டைலின் பூச்சுக்குள் இறங்கும். அப்போதுதான் நிறம் தெரியும். குற்றம் இருந்தால் அதுவும் அப்போதுதான் தெரியும், டைல் வீணான பிறகு.

பெரும்பாலான முகங்கள் அழகாக வந்தன. சில முகங்கள் மட்டும் சாம்பல் பூத்து வந்தன. சாம்பல் என்றால் அடுப்புச் சாம்பல் இல்லை, ஒரு மினுக்கம் உள்ள சாம்பல். புது அலுமினியச் சட்டிக்குக் கண்ணும் மூக்கும் வைத்தது போல இருந்தன. அதில் முருகம்மாள் என்று பெயர் எழுதி வந்த பெண்ணின் முகம்தான் மோசம். கெட்டுப்போன அந்த டைலைப் பார்க்கப் பார்க்க எரிச்சல் பொறுக்காமல், பைரோஜா அதைக் கவிழ்த்துக் குட்டைக் காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்தாள். மேசை ஆட்டம் நின்றது. அந்த டைலால் ஆன உபகாரம் அதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு தொடங்கியது வைத்தியம். மை அடைப்பில்லாமல் இறங்குகிறதா என்று நாசில் செக் போட்டுப் பார்த்தாள். கோடுகள் எங்கும் அறுபடவில்லை. இருந்தாலும் பிரிண்டர் ஹெட்டைக் கழுவினாள். மை பாட்டில்களைக் குலுக்கினாள். தேதி பார்த்தாள், நன்றாகத்தான் இருந்தது. புரட்டாசி மழையில் காகிதம் ஈரம் இழுத்திருக்குமோ என்று ஒவ்வொரு தாளையும் பிரஸ்ஸில் லேசாகச் சூடு காட்டி எடுத்தாள். மதுரையிலிருந்து மெஷின் விற்ற பிரபாகரனுக்குப் போன் போட்டாள்.

"சூடு பத்தாம இருக்கும்க்கா. கூட்டிப் பாருங்க."

கூட்டினாள். கறுப்பு பழுப்பாக மாறியது, சாம்பல் அப்படியே இருந்தது.

"அப்ப கலர் செட்டிங் மாறியிருக்கும்."

மாறவில்லை. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். அந்தக் கதையா நான் மெஷினைத் திட்டிக்கிட்டு இருக்கேன், நீங்க செட்டிங்கைத் திட்டுறீக" என்று போனை வைத்தாள். கண்ணில் நீர் முட்டியது. கோபக்காரிகளுக்கு அழுகையும் கோபத்தின் வழியாகத்தான் வரும். மீதி டைல்கள் குறைந்துகொண்டே வந்தன. பக்கத்து அறையில் புதுச் சரக்கு இறங்கி, வைக்க இடமில்லாமல் மூட்டைகள் வாசல் வரை வந்திருந்தன.

சோதனைக்கு முருகம்மாள் படத்தையே திரும்பத் திரும்ப அடித்ததில் அந்த முகம் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. மேலுதட்டில் ஒரு மச்சம். கேமராவுக்குப் பயந்த சிரிப்பு. போட்டோ என்றதும் யாரிடமோ கடன் வாங்கித் தலையில் செருகிக்கொண்ட ஒரு துண்டு கனகாம்பரம்.

கடைசியாக அடித்த டைலைப் பிரஸ்ஸிலிருந்து எடுத்தபோதுதான் அந்தப் பூ அவள் கண்ணில் தைத்தது. கனகாம்பரம் கனகாம்பரமாகவே வந்திருந்தது. சேலைக்கு மேல் போட்டிருந்த பழைய ஆம்பளைச் சட்டையின் நீலமும் நீலமாகவே இருந்தது. பல்லு வெள்ளை, பொட்டு சிவப்பு. மையில் கோளாறு என்றால் பூவை மட்டும் அது விட்டுவைக்குமா? முகத்துக்கு ஒரு சூடு, பூவுக்கு ஒரு சூடு என்று பிரஸ் பாரபட்சம் பார்க்குமா?

டைலைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். சிவகாசி போய், பஸ் மாறி, எம். புதுப்பட்டியில் இறங்கி விசாரித்து அந்தக் கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வேலை விடுகிற நேரம். வெளியே தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிப் பெண்கள் குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஓடுகிற தண்ணீர் ஈயக் கலரில் ஓடியது.

மச்சத்தை வைத்துத்தான் அடையாளம் பிடித்தாள். அப்போதுதான் முகம் கழுவி நிமிர்ந்தவளிடம், "நீங்கதானே முருகம்மா? நான் போட்டோ டைல் போடுறவ" என்றாள்.

"வாங்க பாயம்மா. இம்புட்டுத் தூரம் வந்திருக்கீக? எம்படம் நல்லா வரலையா?"

பைரோஜா டைலை எடுத்தாள். டைலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். சோப்புப் போட்டுக் கழுவிய முகம் அது. ஆனாலும் காது மடலில், கண் ஓரத்தில், கழுத்து மடிப்பில், கன்னம் முழுக்க அதே மினுக்கம், அதே சாம்பல். மெஷின் இத்தனை நாளும் உள்ளதை உள்ளபடிதான் சொல்லிக்கொண்டிருந்தது. அவள்தான் காது கொடுக்கவில்லை.

முருகம்மாள் டைலை வாங்கிப் பார்த்துச் சிரித்தாள். "அப்படியே இருக்கேனே! பட்டாசுக்கு அலுமினியத்தூள் சலிக்கிற வேலை பாயம்மா. தேய்ச்சுக் குளிச்சாலும் போவாது. தலகாணி உறையெல்லாம் வெள்ளியா கெடக்கும்." சிரிப்பு இருமலாக மாறியது. கொஞ்சம் தள்ளிப் போய்த் துப்பிவிட்டு வந்தாள். "மூஞ்சியாவது பரவால்ல. காறித் துப்புனா அதுவும் வெள்ளிக் கலர்லதான் வருது."

தீபாவளிக்குத் தன் வீட்டு மாடியில் மஹ்ரீனுக்கு மத்தாப்பு கொளுத்திக் கொடுக்கிறவள்தான் பைரோஜா. பஸ்ஸில் ஏறி இறங்கும் தூரத்தில் இருந்துகொண்டு இது தெரியாமல் போயிற்றே என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"உங்க சொந்த நெறம் என்ன?" என்று கேட்டாள். கேட்ட பிறகு, இப்படியும் ஒரு கேள்வி உண்டா என்று தோன்றியது.

முருகம்மாள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சட்டையை ஒதுக்கி, இறுக்கமான ரவிக்கைக் கையை இரண்டு விரல் அளவு மேலே ஏற்றிக் காட்டினாள். அங்கே, துணி மூடியிருந்த இடத்தில், நல்ல மாநிறம். புளியங்கொட்டையைக் கழுவித் துடைத்தது போலத் தனியாகத் தெரிந்தது. பைரோஜா அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

ஊருக்குத் திரும்பி சங்கரபாண்டியனிடம் போனில் விஷயத்தைச் சொன்னபோது அவர் பதறிப்போனார்.

"ஐயையோ, அப்படியே போட்றாதீகக்கா! தூள் சலிக்கிறவுகளுக்கு கம்பெனி கார்டுல பாக்கிங் வேலைன்னுதான் இருக்கு. நாளைக்கு ஆபீசர் யாராச்சும் பாத்தா வம்பு. மூஞ்சியெல்லாம் நல்லா வெளுப்பாக்கிருங்க. பழைய போட்டோவ அழிச்சிருங்க. எம்போன்லயும் அழிச்சிர்றேன். கெட்டுப்போன டைலயும் ஒடச்சிருங்க. பொங்கல் ஆர்டர் உங்களுக்குத்தான், கவலைப்படாதீக."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறார் என்று பைரோஜாவுக்குப் புரியாமல் இல்லை. புரிந்துதான் செய்தாள். கடை வேண்டும் அவளுக்கு. ஒன்று மட்டும் தன் இஷ்டத்துக்குச் செய்தாள். வெளுப்பாக்கவில்லை. ரவிக்கைக் கைக்கு மேலே பார்த்த அந்த மாநிறத்தை எடுத்து, முருகம்மாள் முகத்தில் பார்த்துப் பார்த்து ஏற்றினாள். மற்ற சாம்பல் முகங்களுக்கும் அதேபோலத் தன் மனசுக்குப் பட்ட நிறத்தைக் கொடுத்தாள். பிறகு போட்டோக்களை அழித்தாள். கெட்ட டைல்களைச் சாக்கில் கட்டிச் சுத்தியலால் உடைத்தாள். ஒவ்வொரு அடிக்கும் மனசு கனத்தது. இருந்தாலும் நிறுத்தவில்லை.

ஆயுத பூஜைக்கு டைல்கள் போய்ச் சேர்ந்தன. தீபாவளியும் போயிற்று. ஒருநாள் மாமனார் அறை வாசலில் நின்று, அடுக்கி வைத்திருந்த கப்புகளைப் பார்த்து, "மூட்டைக்கு வேற எடம் பாத்துட்டேன்" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது. பைரோஜாவுக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தச் சாம்பல் முகம் அடிக்கடி கண் முன்னால் வந்து நின்றது.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் முருகம்மாள் கடைக்கு வந்தாள். பைரோஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் போட்டுக் கொடுத்த டைலே எழுந்து நடந்து வந்தது போல இருந்தது. அதே மாநிறம். உடம்புதான் பாதியாகிவிட்டிருந்தது.

"தீபாவளியோட வேலைக்குப் போகல பாயம்மா. இருமல் தாங்கல. வீட்ல கெடந்ததுல நெறம் திரும்பிருச்சு, பாத்தீகளா?" உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். "நீங்க போட்ட படத்தப் பாத்து எங்க வீட்டுக்காரரு என்ன சொன்னாரு தெரியுமா? 'கல்யாணத்தப்ப நீ இப்படித்தானடி இருந்தே'ன்னாரு. சொல்லிட்டு எந்திருச்சு வெளிய போயிட்டாரு."

பைரோஜா எழுந்துபோய்த் தண்ணீர் கொடுத்தாள்.

"நான் வந்தது வேற விஷயம். ஆஸ்பத்திரியில டாக்டரம்மா, தூள்ல வேல பாத்தியான்னு கேட்டாக. ஆமான்னேன். கார்டுல பாக்கிங்னு இருக்கே, அத்தாட்சி ஏதாச்சும் இருந்தாத்தான் வேலையால வந்த நோயின்னு எழுத முடியும்ங்காக. இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு யார்ட்டப் போய் என்ன சொல்ல? அன்னைக்குக் கொண்டாந்தீகளே, சாம்பல் மூஞ்சி. அது இருக்கா?"

"இல்லையே" என்றாள் பைரோஜா. "எல்லாத்தையும் ஒடச்சுட்டேன். போட்டோவும் அழிச்சாச்சு."

பொய் இல்லை, அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். முருகம்மாள் தலையாட்டினாள், எழுந்தாள். எழுந்தவளை இருமல் பிடித்து உலுக்கியது. விழாமல் இருக்க மேசையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள்.

மேசை ஆடவில்லை.

பைரோஜாவின் பார்வை தானாகக் கீழே போனது. குட்டைக் காலுக்கு அடியில், தூசி படிந்து, கவிழ்ந்தபடி ஒரு டைல்.

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. பொங்கல் ஆர்டருக்குச் சங்கரபாண்டியன் நாளைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். இந்த டைல் ஆஸ்பத்திரிக்குப் போனால் எங்கே அடித்தது என்று கேள்வி வரும். ஆர்டர் போகும், அடுத்த இரண்டு கம்பெனியும் போகும், பருப்பு மூட்டை திரும்ப வரும். பைரோஜாவுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. முருகம்மாள் வாசற்படியில் ஒரு காலை இறக்கிவிட்டாள்.

"நில்லுங்க முருகம்மா!"

குனிந்து, ஒரு கையால் மேசையைத் தூக்கி, மறு கையால் டைலை உருவினாள். மேசை மறுபடி சாய்ந்து, பிரிண்டர் கடகடவென்று ஆடியது. பக்கத்து அறையில் மாமனார் கனைத்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. துப்பட்டா நுனியால் டைலைத் துடைத்தாள். ஒரு கீறல்கூட இல்லை. தூள் படிந்த முகம், பயந்த சிரிப்பு, தலையில் கனகாம்பரம்.

பின்பக்கம் கடைப் பெயர் போட்ட ஸ்டிக்கரை ஒட்டி, போன் நம்பரைப் பேனாவால் அழுத்தி எழுதினாள்.

"இது மெஷின் கோளாறு, கலர் மாறிப்போச்சுன்னு யாராச்சும் சொல்லுவாக" என்றாள். "சொன்னா எனக்குப் போன் போடச் சொல்லுங்க. பிரிண்ட்ல ஒரு குத்தமும் இல்லன்னு நான் வந்து சொல்லுறேன்."